‘வங்கி’ என்ற ஃபோல்டருக்குள் காதல் நாவல்கள்

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. திருமணமாகி 16 ஆண்டுகள் ஆகின்றன, 15 வயதில் ஒரு மகள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய அம்மா பல மாதம் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் இரவு முழுக்கக் கண்விழித்த நாட்களில், போனில் ஏதோ ஒரு காதல் நாவலைத் திறந்திருக்கிறார். அன்று தொடங்கியது நிற்கவில்லை. காதல் நாவலில் இருந்து ஃபேன்டஸி, அப்புறம் இரண்டும் கலந்தது: டிராகன்களும் சாபங்களும் நிறைந்த ராஜ்ஜியங்களில் நடக்கும் காதல். கடந்த ஓராண்டில் மட்டும் 90 நாவல்கள். வீடு அடங்கிய பிறகு 11 மணிக்குத் திறந்தால் மூடும்போது 2 மணி ஆகிவிடுகிறது. காலை 6 மணிக்கு எழ வேண்டும்.

கணவர் வரலாறு, நிர்வாகம் என்று படிப்பவர். “இந்த வயதில் இதெல்லாமா?” என்று அவ்வப்போது சிரிப்பார். ஒருமுறை நண்பர்கள் வந்திருந்தபோது மனைவியின் போனில் இருந்து ஒரு பக்கத்தை நாடகக் குரலில் வாசித்துக் காட்டிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சேர்ந்து சிரித்தார். மறுநாளே படிக்கும் ஆப்பை ‘வங்கி’ என்று பெயரிட்ட ஃபோல்டருக்குள் போட்டுவிட்டார். “இனி தொடமாட்டேன்” என்று மூன்று முறை ஆப்பை நீக்கியிருக்கிறார். மூன்று முறையும் ஒரு வாரத்துக்குள் மறுபடி ஏற்றிவிட்டார். சமீபத்தில் மாதக் கடைசிக் கணக்கில் ஒரு தவறு நேர்ந்து மேலாளரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். இதற்கிடையே மகள், வகுப்பில் எல்லோரும் படிக்கும் ஒரு ஃபேன்டஸி காதல் தொடரைத் தானும் படிக்கட்டுமா என்று கேட்கிறாள். அதில் வெளிப்படையான படுக்கையறைக் காட்சிகள் உண்டு என்பது இவருக்குத் தெரியும். படித்துவிட்டாரே!

கடைசியில் ஐந்து கேள்விகள். இது அடிமைத்தனமா? ஒரு தொடர் முடிந்தால் இரண்டு நாள் மனம் வெறிச்சோடிக் கிடக்கிறதே, அது நோயா? கதையில் வரும் ஆண்களோடு கணவரை ஒப்பிடுவது துரோகமா? இதை விட்டுவிட்டு ‘உருப்படியான’ புத்தகங்களுக்கு மாற வேண்டுமா? மகளுக்கு என்ன சொல்வது?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கேள்விகள்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் முறை படித்தபோது, ‘மன்னிக்கவும்’ என்ற சொல் நான்கு இடங்களில் இருப்பதைக் கவனித்தேன். ‘குப்பை’ என்ற சொல் அதைவிட அதிகம். ஆனால் 90 நாவல்கள் படித்த ஒருவர், பிடித்த ஒரே ஒரு நாவலின் பெயரைக்கூட எழுதவில்லை. தீர்ப்பை நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, தண்டனை எவ்வளவு என்று மட்டும் என்னிடம் கேட்பதுபோல இருந்தது.

படிப்பது, தூக்கம் கெடுவது, ஒளித்துவைப்பது. இவை மூன்றும் வேறு வேறு விஷயங்கள். நீங்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘என் கெட்ட பழக்கம்’ என்று பெயர் எழுதி வைத்திருக்கிறீர்கள். மூட்டையைப் பிரித்தால் உள்ளே ஒன்று மட்டும்தான் உடனே கவனிக்க வேண்டியது. அது நாவல் இல்லை.

இது அடிமைத்தனமா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், வீடியோ கேம் விளையாட்டில் கட்டுப்பாட்டை இழப்பது ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நாவல் வாசிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் “பட்டியலில் இல்லை, போய் வாருங்கள்” என்று சொன்னால் அது சோம்பேறித்தனமான பதில். அங்கே கேமுக்கு வைத்திருக்கும் அளவுகோலை எடுத்து உங்கள் வாசிப்பை அளந்து பார்க்கலாம். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கைவிட்டுப் போவது. வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளுவது. கெடுதல் வந்த பிறகும் தொடர்வது. இவை பொதுவாக ஓராண்டு காலமாவது நீடித்து, குடும்பம், வேலை போன்றவற்றில் ஏதாவது ஒன்றாவது பெரிதாகக் குலைந்திருக்க வேண்டும்.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மகளின் தேர்வு நேரத்தில் மூன்று வாரம் ஒரு பக்கமும் படிக்கவில்லை, “அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை” என்று. எனக்கு அது மிகப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. காரணம் இருந்தபோது எளிதாக நிறுத்தியிருக்கிறீர்கள். வெட்கத்தில் நிறுத்தியபோதுதான் முடியவில்லை. ஆப்பை நீக்கிய மூன்று முறையும் முந்தைய நாள் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், கடிதத்திலேயே இருக்கிறது. கோபத்தில் விரதம் இருப்பவருக்குப் பசி அதிகமாகத்தானே எடுக்கும்?

வேலைக்குப் போகிறீர்கள், மகளோடு பேசுகிறீர்கள், தோழிகளைப் பார்க்கிறீர்கள். ஆகவே என் கணிப்பில் இது அடிமைத்தனம் இல்லை. கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன், அந்த எல்லையையும் நினைவில் வையுங்கள். பகலில் வேலை நேரத்திலும் திருட்டுத்தனமாகப் படிக்கத் தொடங்கினால், பணம் கடன் ஆகும் அளவுக்குப் புத்தகம் வாங்கினால், ஆட்களைப் பார்ப்பதே எரிச்சலாகிவிட்டால், படிக்காத நேரம் முழுக்க வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், தாமதிக்காமல் ஒரு உளவியல் ஆலோசகரை நேரில் பாருங்கள். அப்போதும் நாவல் நோயாக இருக்காது. பெரும்பாலும் அதற்கு அடியில் மனச்சோர்வு இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாவல் படிப்பவர்களைப் பார்த்துக் கவலைப்படுவது பழைய வழக்கம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் இதற்கு ‘வாசிப்பு வெறி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். இளைஞர்களும் பெண்களும் நாவல் படித்துக் கெட்டுப்போகிறார்கள் என்று கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். ஜெர்மன் எழுத்தாளர் கதே 1774இல் வெளியிட்ட ஒரு காதல் நாவலை மறு ஆண்டே லைப்ஸிக் நகரம் தடை செய்தது. அதே நாவல் பிற்பாடு பாடப்புத்தகமாகிவிட்டது. படிக்காவிட்டால் மதிப்பெண் போய்விடும்!

இரவு 2 மணி

இதுதான் நான் சொன்ன அந்த ஒன்று. 2 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தால் 4 மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும் என்பதுதான் தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. மாதக் கடைசிக் கணக்கில் தவறு வந்ததற்குக் காதல் நாவல் காரணம் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் அந்த மூன்று மணி நேரமும் திருக்குறளுக்கு உரை படித்திருந்தாலும் தவறு வந்திருக்கும். எரிச்சல், சட்டென்று கண்ணீர், “எதிலும் பிடிப்பில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் எவ்வளவு மனம், எவ்வளவு தூக்கக் குறைவு என்பது தூக்கத்தைச் சரிசெய்த பிறகுதான் தெரியும்.

போன் வெளிச்சம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கேள்விப்பட்டு மஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் அதன் பங்கு சிறியது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 12 பேரை இரவில் ஒளிரும் திரையிலும் அச்சுப் புத்தகத்திலும் மாறி மாறிப் படிக்க வைத்தார்கள். திரையில் படித்த இரவுகளில் தூக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாக ஆனது. உங்களுக்குப் போவது 10 நிமிடம் இல்லை, 3 மணி நேரம். அதைத் தின்பது அத்தியாயத்தின் கடைசி வரி. கதவு தட்டப்படும், கடிதத்தைப் பிரிப்பாள், “அவன் யார் என்று உனக்குத் தெரியாதா?” என்று ஒருவர் கேட்பார், அத்தோடு அத்தியாயம் முடியும். வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காரர்கள் ‘தொடரும்’ போட்ட அதே இடம். அவர்களாவது ஒரு வாரம் காக்க வைத்தார்கள். இங்கே விரலை நகர்த்தினால் போதும்.

ஆகவே அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்தாதீர்கள், நடுவில் நிறுத்துங்கள். இருவரும் சும்மா நடந்துபோகும்போது, யாரோ குதிரைக்குத் தண்ணீர் காட்டும்போது. கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். துப்பறியும் நாவல்களில் எனக்கும் இதே வியாதி உண்டு, அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்தது, படுக்கைக்குப் புதிய புத்தகம் கொண்டுபோகாதீர்கள். ஒரே நாவலை ஆறு முறை படித்ததை வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த நாவல்தான் உங்கள் இரவுப் புத்தகம். என்ன நடக்கும் என்று தெரிந்த கதை தாலாட்டு மாதிரி, இருபது பக்கத்தில் கண் சொக்கும். புதிய நாவலுக்குப் பகலில் இடம் கொடுங்கள். இந்த இடத்தில் நீங்கள் “பகலில் ஏது நேரம்?” என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முடிந்த பிறகு வரும் வெறுமை

இதை நீளமாகப் பேச வேண்டியதில்லை. ஏழு புத்தகத் தொடரை இரண்டு மாதம் படிக்கிறீர்கள். அந்த இரண்டு மாதமும் அந்த ஊரில் குடியிருக்கிறீர்கள். யார் எப்படிக் கோபப்படுவார்கள், யார் பொய் சொன்னால் காது சிவக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் கடைசிப் பக்கம் வந்து கதவு சாத்தப்படுகிறது. மனம் இரண்டு நாள் வாசலிலேயே நிற்பது இயல்பு. நேரில் அறியாதவர்களோடு நமக்கு உண்டாகும் இந்த ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி உளவியல் துறை 1956 முதல் எழுதிக்கொண்டிருக்கிறது. அப்போது பேசியது ரேடியோ, டிவி முகங்களைப் பற்றி. கதைமாந்தர்களுக்கும் அது அப்படியே பொருந்தும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு கூடுதல் இழை இருக்கிறது. நீங்கள் படிக்கத் தொடங்கியது அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். முடிவு என்னவென்று தெரிந்தும் சொல்ல முடியாத ஒரு கதைக்குள் இருந்தபோது, ‘சுபம்’ என்று முடியும் என்ற உத்தரவாதத்தோடு வந்த இன்னொரு கதையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். காதல் நாவல் என்ற வகைக்கே அதுதான் அடிப்படை ஒப்பந்தம்: நடுவில் எவ்வளவு அழவைத்தாலும் கடைசியில் சேர்த்துவைக்க வேண்டும். “எப்படி முடியும் என்று தெரிந்ததை ஏன் படிக்கிறாய்?” என்று உங்கள் கணவர் கேட்டாராம். தெரிந்ததால்தான் படித்தீர்கள்.

ஒரு தொடர் முடிந்து அழும்போது அந்த அழுகையில் எத்தனை சொட்டு அம்மாவுக்கு என்று ஒருமுறை உங்களையே கேட்டுப் பாருங்கள். சடங்குகளை எல்லாம் முன்நின்று நடத்தியதால் “அப்போது நான் அழவே இல்லை” என்கிறீர்கள். இப்போது அழுகிறீர்கள், அவ்வளவுதான். அதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால் ஓர் ஆலோசகரிடம் நாலைந்து முறை போய் வரலாம். நாவலுக்காக இல்லை, அம்மாவுக்காக.

கணவரும் கதாநாயகனும்

துரோகமா என்று கேட்கிறீர்கள். இல்லை. நாவலின் நாயகனுக்கு ஒரே ஒரு வேலைதான்: நாயகியைக் கவனிப்பது. அவனுக்கு மாதத் தவணை கிடையாது, முதுகுவலி கிடையாது, ராஜ்ஜியமே எரிந்தாலும் அவள் புருவம் சுருங்கியதைப் பார்த்துவிடுவான். அவனை எழுதியவருக்கும் படிக்கும் உங்களுக்கும் அது தெரியும். எந்த மனிதனும் அந்த ஒப்பீட்டில் ஜெயிக்க முடியாது.

ஆனால் ‘கற்பனைதானே’ என்று முழுசாக ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. எந்தக் காட்சி உங்களை அழவைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது முத்தக் காட்சியில்லை, அரண்மனையில்லை, அவனுடைய தோள் அகலமும் இல்லை. பல நாள் போரில் களைத்து வந்த நாயகியிடம் அவன், “இன்றைக்குக் காவல் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு” என்கிறான். அந்த வரியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதிருக்கிறீர்கள்.

அம்மாவின் கட்டிலருகே எத்தனை இரவுகள் நீங்கள் மட்டும் விழித்திருந்தீர்கள் என்று நான் கேட்கத் தேவையில்லை. இன்றும் வீட்டில் கடைசியாக விளக்கணைப்பது யார், மகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு போடுவது யார் என்பதும் கடிதத்தில் ஆங்காங்கே இருக்கிறது, நீங்கள் அதைப் புகாராக எழுதவில்லை என்றாலும். நீங்கள் கணவரோடு ஒப்பிடுவது அந்த நாயகனை இல்லை, அந்த ஒரு வாக்கியத்தை. அது டிராகன் இல்லாமலும் சொல்லக்கூடிய வாக்கியம்.

1984இல் ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், காதல் நாவல்களை விடாமல் படிக்கும் பெண்களிடம் போய் உட்கார்ந்து ‘ஏன் படிக்கிறீர்கள்’ என்று கேட்டு எழுதினார். கதையைப் பற்றிய பதில்களைவிட, படிக்கும் செயலைப் பற்றிய பதில்கள்தான் அவருடைய கவனத்தை ஈர்த்தன. புத்தகம் கையில் இருக்கும் நேரம், வீட்டில் யாரும் எதுவும் கேட்க முடியாத நேரம். எல்லோரையும் கவனித்துக்கொள்ளும் பெண்களை யாரும் கவனித்துக்கொள்வதில்லை. அந்தக் குறையை நாவல் ஓரளவு நிரப்பியது. அத்தோடு அவர் ஒரு சங்கடமான சந்தேகத்தையும் எழுப்பினார். அந்த நேரத்து நிம்மதியே, மாற்ற வேண்டியதை மாற்றாமல் பொறுத்துக்கொள்ளும் தெம்பையும் தந்துவிடுகிறதோ? எனக்கு அந்தச் சந்தேகம் முக்கியமானதாகப் படுகிறது. இரவு 11 மணிக்கு உங்களுக்குக் கிடைக்கும் விடுப்பு, பகலில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க உதவுகிறது. அந்த விடுப்புக்குச் சம்பளமாகத் தூக்கத்தைக் கொடுக்கிறீர்கள்.

ஆகவே கணவரிடம் பேச வேண்டியவை இரண்டு. இரண்டையும் ஒரே நாளில் பேசாதீர்கள். சண்டையில் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும்.

முதலாவது, நண்பர்கள் முன் நடந்தது. நீங்களும் சிரித்ததால் அவருக்கு அது வேடிக்கையாகவே நினைவில் இருக்கும். வலித்தது என்று சொன்னால்தான் தெரியும். “நான் படிக்கிறதைப் பத்தித் தனியா என்ன வேணும்னாலும் கேளுங்க, கிண்டல்கூடப் பண்ணுங்க. ஆனா என் போனை எடுத்து நாலு பேர் முன்னாடி வாசிச்சது எனக்கு அவமானமா இருந்துச்சு. இனிமே அது வேண்டாம்.” இவ்வளவு போதும். உங்கள் போன் உங்களுடையது, உங்கள் ரசனையும் உங்களுடையது. இதில் அவருடைய அனுமதியைக் கேட்கும் தொனி வேண்டாம். அதேசமயம், நீங்கள் 4 மணி நேரம் மட்டும் தூங்குவதைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு உரிமை உண்டு. அதையும் அவர் கிண்டலாகவேதான் சொல்லியிருக்கிறார் என்றால், கிண்டலுக்குள் இருந்த கவலை உங்கள் காதில் விழாமல் போயிருக்கலாம்.

இரண்டாவது, பகலில் ஒரு மணி நேரம். “எனக்கு உதவி செய்யுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் அவரும் பொதுவாகத் தலையாட்டுவார். எட்டிலிருந்து ஒன்பது வரை நான் எழுந்து வரமாட்டேன், அந்த நேரத்து வேலைகள் உங்களுடையவை என்று நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். முதல் வாரம் அந்த ஒரு மணி நேரத்தில் பத்து முறை கூப்பிடுவார்கள். எழுந்து போகாதீர்கள். அவர் மறுத்தால்? அப்போது நமக்கு ஒன்று தெரிந்துவிடும், பிரச்சினை நாவல் இல்லை என்று. அந்த நிலை வந்தால் இருவரும் சேர்ந்து ஆலோசனைக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம். இப்போதே அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

‘உருப்படியான’ புத்தகம்

இலக்கியத் தரமான கதைகளைப் படித்தால் பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன் உடனே கூடுகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு பெரிய செய்தியானது. பிறகு வேறு குழுக்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், அடுத்தவர் உணர்ச்சியைக் கண்டறியும் திறனோடு அதிகம் தொடர்பு காட்டியது காதல் நாவல் வாசிப்பு. உடனே சந்தோஷப்பட வேண்டாம், அதுவும் தொடர்பு மட்டும்தான். காதல் நாவல் படித்ததால் நுட்பம் வந்ததா, நுட்பமானவர்கள் காதல் நாவலைத் தேடிப் போகிறார்களா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மருந்துச்சீட்டு மாதிரி புத்தகம் எழுதிக்கொடுக்கும் அளவுக்கு விஷயம் தெளிவாக இல்லை. சந்தோஷத்துக்காகப் படிப்பது என்பதே போதுமான காரணம்.

‘காதல் என்றால் மட்டம்’ என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு எப்போதும் வியப்பு. எட்டுத்தொகையில் ஐந்து தொகைகள் அகப்பாடல்கள். திருக்குறளின் மூன்றில் ஒரு பால், 250 குறள்கள், இன்பத்துப்பால். அகத்திணையில் காதலர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் விதித்த விதி. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். பெயர் இல்லாததால் அந்த இடத்தில் யாரும் போய் நிற்கலாம். இன்றைய நாவல்களில் நாயகியின் முகத்தை முழுசாக வரையாமல் விடுகிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்கு இந்த விதிதான் நினைவுக்கு வரும். இதைச் சொல்வதால் 90 நாவல்களும் குறுந்தொகை ஆகிவிடாது. அதில் பாதி சுமாராகத்தான் இருக்கும், உங்களுக்கே தெரியும். சுமாரான வரலாற்றுப் புத்தகங்களும் நிர்வாகப் புத்தகங்களும் உலகத்தில் நிறையவே உண்டு, அவற்றை யாரும் ஃபோல்டருக்குள் ஒளித்துவைப்பதில்லை.

மகள் கேட்ட கேள்வி

‘முடியாது’ என்று ஒரே சொல்லில் மறுத்தால் தோழியின் போனில் படிப்பாள். ‘படி’ என்று ஒரே சொல்லில் விட்டால், புரியாத இடங்களில் யாரிடமும் கேட்க முடியாமல் தனியாக நிற்பாள். இரண்டுக்கும் நடுவில் உங்களிடம் பெரும்பாலான பெற்றோரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: நீங்கள் அந்தத் தொடரைப் படித்திருக்கிறீர்கள்.

நாவல்களுக்குத் திரைப்படம்போல வயதுச் சான்றிதழ் கிடையாது. அட்டையில் பூவும் கார்ட்டூனுமாக இருக்கும், உள்ளே முழுக்க வயது வந்தவர்களுக்கான கதையாக இருக்கும். சில ஆசிரியர்கள் முதல் பக்கத்திலேயே என்னென்ன வரும் என்று எச்சரிக்கை போடுகிறார்கள். அதைத் தேடிப் படிக்க மகளுக்கும் கற்றுக்கொடுங்கள். இந்தத் தொடர் 15 வயதுக்கு வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் காரணத்தோடு சொல்லுங்கள்: “நான் படிச்சிருக்கேன். கதை நல்லா இருக்கும். ஆனா அதுல படுக்கையறைக் காட்சிகள் நிறைய இருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுப் படிக்கலாம்னு நினைக்கிறேன்.” அதே மாதிரி ராஜ்ஜியங்களும் மந்திரமும் காதலும் உள்ள, அவள் வயதுக்கு எழுதப்பட்ட வேறு இரண்டு நாவல்களை உங்களால் உடனே சொல்ல முடியும். 90 படித்ததற்கு இந்த ஒரு பலனாவது இருக்கட்டும்.

அந்தக் காட்சிகளைவிட எனக்குக் கவலை தருவது வேறு. வேண்டாம் என்று நாயகி சொன்ன பிறகும் விடாமல் துரத்துபவனை, யாரோடு பேசினாய் என்று கண்காணிப்பவனை, கோபத்தில் பொருளை உடைத்துவிட்டு “உன்மேல் அவ்வளவு காதல்” என்பவனை நாயகனாக வைக்கும் நாவல்கள் நிறைய இருக்கின்றன. 41 வயதில் நீங்கள் அதை ஒரு கற்பனைச் சுவையாக எடுத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவீர்கள். இன்னும் யாரையும் காதலித்திராத 15 வயதில் அதுவே காதலின் இலக்கணமாகப் பதிய வாய்ப்பு உண்டு. அறிவுரையாகச் சொன்னால் காதை மூடிக்கொள்வாள். ஏதாவது ஒரு நாவலை இருவரும் ஒரே சமயத்தில் படியுங்கள், படித்துவிட்டு வம்பு பேசுங்கள். “இவன் நிஜத்துல உன் கிளாஸ்ல இருந்தா என்ன பண்ணுவ?” என்று ஒரு கேள்வி போடுங்கள். அவள் சிரித்துக்கொண்டே சொல்லும் பதிலில் உங்களுக்குத் தேவையானது இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை பாக்கி. ‘வங்கி’ ஃபோல்டர் அவளுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா ஒளித்துவைக்கும் ஒன்றைத் தானும் படிக்கலாமா என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். முதலில் ஆப்பை வெளியே எடுத்து வையுங்கள். “உனக்கு எது ரொம்பப் பிடிச்சது?” என்று அவள் நிச்சயம் கேட்பாள். யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கடிதத்தில் எனக்கும் அந்தப் பெயரை எழுதுங்கள்.